பத்து பத்துக்கு இரண்டு தடவை

தேனி அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. காலை பத்து பத்துக்குப் போன் அடிக்கும். எடுப்பவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "கம்பம் பேசுது" என்பார். பதினொன்றரை மணிக்கு முதலாளி தன் அறையிலிருந்து, "கம்பம் இன்னுமா பேசுது?" என்பார். கம்பம் என்றால் ஊர். கம்பம் என்றால் எங்கள் கிளை அலுவலகம். கம்பம் என்றால் அந்தக் கிளையில் இருந்த ஒரே ஆள், அவர்.

ஏலக்காய் வியாபாரம். கம்பம்மெட்டுத் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் இறங்கும் காயைக் கிளையில் எடை போட்டு, எத்தனை மில்லிமீட்டர் காய் என்று தரம் பார்த்து, மூட்டைக்கு ஒரு லாட் எண் போட வேண்டும். அந்த விவரத்தைப் போனில் தேனிக்குச் சொல்ல வேண்டும். அதைத் தேனியில் கணினியில் ஏற்றுவோம். அதைப் பார்த்துத்தான் முதலாளி வெளியூர் வியாபாரிகளிடம் பேசுவார். நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, பெரியகுளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் வேலையாக இதில் சேர்ந்தேன். கணினி சம்பந்தப்பட்ட எல்லாமும் உன் பொறுப்பு என்றார்கள். அந்த எல்லாமும் என்பதில் பத்து பத்து மணி போனும் அடக்கம் என்று முதல் நாளே தெரிந்தது.

"யாரு, புதுசா?"

"ஆமாங்க்கா. கம்ப்யூட்டருக்கு வந்திருக்கேன்."

"சரி தாயி. எழுதிக்க. லாட்டு நூத்திப் பதினாலு. எட்டு எம்.எம். நாப்பத்தாறு கிலோ இருநூறு."

எழுதிக்கொண்டே "ம்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அக்கா?"

"இங்கனதான் இருக்கேன். நீ 'ம்'முன்னா எனக்கு என்ன தெரியும்? திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன்.

"ரைட்டு. அடுத்தது."

முறை அதுதான். ஒருவர் சொல்ல வேண்டும். மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு முதலில் சொன்னவர் ரைட்டு சொல்ல வேண்டும். ரைட்டு சொல்லும் உரிமை சொன்னவருக்கு மட்டும்தான், கேட்டவருக்கு இல்லை. ஒருநாள் அவசரத்தில் நானே "ரைட்டுக்கா" என்று முந்திக்கொண்டதற்கு, "நீ எப்படி ரைட்டு சொல்லுவ? மூட்டை எங்கிட்டல்ல இருக்கு" என்று கேட்டார். காய் அதிகம் வரும் மாதங்களில் நாற்பது லாட் வரை இருக்கும். நாற்பதுக்கும் இந்த மூன்று படிகள் நடக்கும். கடைசியில் "வைக்கட்டா?" என்று கேட்பார், ஆனால் வைக்க மாட்டார். நான் வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் வைப்பார் என்று நினைக்கிறேன். அவர் முதலில் வைத்து நான் கேட்டதே இல்லை.

அவரைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்தவை இவ்வளவுதான். குரலை வைத்து வயது நாற்பத்தைந்துக்கு மேல். மாதிரிக்காய்ப் பையைத் தேனி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். பையோடு ஒரு துண்டுச்சீட்டு வரும், அதில் உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு முறை எழுதியிருக்கும். கண்டக்டர் ஒருநாள் என்னிடம் பையை நீட்டிவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, உங்க கம்பத்து அம்மா பையைக் குடுத்துட்டு, யாருட்ட குடுக்கணும், எங்க எறக்கணும்னு எங்கிட்டயே ஒப்பிக்கச் சொல்றாக. நான் ஒப்பிச்சாத்தான் படியை விட்டு எறங்குறாக. பின்னால வண்டிக்காரன் ஆரன் அடிக்கிறான். நான் இஸ்கோல்ல கூட இப்படி ஒப்பிச்சதில்ல."

பிராட்பேண்ட் எங்கள் பக்கம் வந்த புதிது. முதலாளி ஒருநாள் கூப்பிட்டார். "பாப்பா, காலையில ஒண்ணேகால் மணி நேரம் கம்பமே லைன்ல உக்காந்திருக்கு. விருதுநகர்காரக அடிச்சுப் பாத்துட்டு வேற ஆளுட்டப் போயிடுறாக. கம்ப்யூட்டர்லயே அங்கன இருந்து இங்கன ஏத்துற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியாதா?"

முடியும் என்றேன். அன்று மாலையே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வி.பி.என். என்று ஒன்று இருக்கிறது. கம்பத்துக் கணினி தேனி அலுவலகத்துக்குள்ளேயே ஒரு மேசையில் இருப்பதுபோல் வேலை செய்யும். நடுவில் இருக்கும் இணையம் பொதுத் தெரு. அந்தத் தெருவில் விவரங்கள் பூட்டிய பெட்டிக்குள் போய் வரும். சாவி இரண்டு முனைகளிலும் மட்டும் இருக்கும். தேவைப்படும் பொருட்கள் ஐந்து, நன்மைகள் ஆறு என்று எண் போட்டிருந்தேன். நன்மைகளில் முதலாவது: "தினமும் ஒன்றேகால் மணி நேரத் தொலைபேசிப் பேச்சு தவிர்க்கப்படும்."

முதலாளி படித்துவிட்டு அந்த முதல் வரியில் பேனாவால் கோடு போட்டார். "நல்லது. அந்தம்மா கத்துக்கிட்டா பாக்கட்டும். கனெக்சன் ஒழுங்கா ஓடலேன்னா கம்ப்யூட்டர் தெரிஞ்ச வேற ஆளை அங்கன உக்கார வைக்க வேண்டியதுதான்."

தேனியில் சர்வர் என்று நாங்கள் சொன்னது என் மேசைக்கு அடியில் இருந்த பழைய கணினி ஒன்றைத்தான். அதை நான்கு நாளில் தயார் செய்துவிட்டு, ஐந்தாம் நாள் கம்பத்துக்குப் போனேன். அவரை முதல்முறை பார்த்தது அன்றுதான்.

கிளை ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஓர் அறையில் தராசும் மூட்டைகளும். இன்னோர் அறையில் மேசை, போன், துணி போர்த்திய கணினி. சுமை ஆட்கள் காலையில் வந்து இறக்கிவிட்டுப் பத்து மணிக்குப் போய்விடுவார்கள். மறுபடி நாலு மணிக்குத்தான் வருவார்கள். சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் தெரியும், கைக்கு எட்டும் தூரத்தில். கைக்கடிகாரத்தை உள்பக்கமாகக் கட்டிய, ஒல்லியான, உயரமான பெண் ஒருவர் எனக்காக நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குரலை வைத்து நான் அவரைக் குள்ளமானவர் என்று நினைத்திருந்தேன்.

"இங்கன உக்காரு தாயி. வாங்கி ஆறு வருசம் ஆச்சு, யாரும் உக்காந்ததில்ல. புதுசு மாதிரியே இருக்கும்."

பிறகு மாடிப்படிக்குப் போய்க் கீழே குனிந்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார். "ஏலே, ரெண்டு டீ. ஒண்ணு சீனி கம்மி. திருப்பிச் சொல்லு!"

கீழிருந்து குரல் வந்தது: "ரெண்டு டீ. ஒண்ணு சீனி கம்மி. பேச்சு சாஸ்தி!"

"ரைட்டு" என்றார் அவர், முகம் மாறாமல்.

அன்று இணைப்பு உடனே வரவில்லை. இரண்டு ஊரிலும் மோடம் ஒரே கம்பெனி, உள்ளே ஒரே எண் வரிசை. அதனால் கம்பத்துக் கணினி தேனியைத் தேடாமல் தன் அறைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டதால் சொன்னேன்.

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே கதவு நம்பர் போட்டா தபால்காரன் என்ன பண்ணுவான்?" என்றார். "மாத்து. நம்ம நம்பரை மாத்து. அவுக பெரிய ஆபீசு."

மாற்றினேன். திரையின் மூலையில் இரண்டு சின்னப் பெட்டிகள் பச்சையாயின. சர்வரில் உள்ளே வருபவருக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். சற்று யோசித்தார். "கம்பம்னே போடு. எல்லாரும் அப்படித்தான சொல்றாக."

"நீங்க உள்ள வந்ததும் என் திரையில 'கம்பம்'னு வரும்க்கா."

"நான் வந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"போனா?"

"அதுவும் தெரியும். எத்தனை மணிக்கு வந்தீக, எத்தனை மணிக்குப் போனீக, எல்லாம் பதிவாகும்."

தலையாட்டினார். ஒரு லாட்டை ஏற்றிக் காட்டினேன். 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் வந்தது.

"நாம ஏத்துனதை இது திருப்பிச் சொல்லுமா?"

"அதான் சொல்லிருச்சேக்கா. சேமிக்கப்பட்டதுன்னு."

"எல்லா லாட்டுக்கும் இதையேதான சொல்லும்?"

"ஆமா."

"அப்ப இதும் 'ம்'முதான்" என்றார்.

டீக் கிளாசைக் கழுவி வைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு பதினோரு வருசம் நான் என்ன சொன்னாலும் 'ம்'முன்னாக. கேக்குறாகன்னுதான் நினைச்சேன். ஒருநாள் மூணாறுக்கு வேலைக்குப் போறேன்னு கெளம்புனாக. மழைக்கு முன்ன வந்துருங்கன்னேன். 'ம்'முன்னாக." கிளாசைக் கவிழ்த்தார். "ஆச்சு, அது ஆச்சு. இதுல மூணாவது கட்டத்துல என்ன போடணும்னு காட்டு."

நான் மூன்றாவது கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று காட்டினேன்.

அடுத்த வாரம் முதலாளி உத்தரவு போட்டார். கனெக்சன் போனால் மட்டும் போன். மற்றபடி லைன் வியாபாரிகளுக்கு. கம்பத்துக்கும் அதைச் சொல்லிவிட்டார். மறுநாள் பத்து பத்துக்குப் போன் அடிக்கவில்லை. திரையில் 'கம்பம்' இருந்தது. லாட்டுகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன, பிழை இல்லாமல். பத்தே முக்காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு நல்ல நிம்மதி. எழுதிக் கொடுத்த ஆறு நன்மைகளும் முதல் நாளே கிடைத்துவிட்டன.

பத்து நாள் கழித்துப் போன் அடித்தது.

"தாயி, கனெக்சன் போயிருச்சு!"

கெட்ட செய்தியை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காரணம் எளிது. அங்கே மாலையில் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். மூட்டைகள் இருக்கும் இடம், அதனால் அது சரிதான். ஆனால் அந்தக் கணினிக்குள் கடிகாரத்தை ஓட வைக்கும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. மின்சாரம் முழுதாக நின்றால் கடிகாரம் இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். வி.பி.என். சாவிக்குத் தேதி உண்டு. இன்னும் பிறக்காத சாவி என்று கணினி அதை ஒதுக்கிவிடும். தேதியைச் சரிசெய்தால் போதும்.

"தேதி எடத்துல ரெண்டு தடவ தட்டுங்கக்கா. வருசம் ரெண்டாயிரத்து எட்டு."

"ரெண்டாயிரத்து எட்டு."

காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார்.

"ரைட்டு சொல்லு தாயி. இப்ப நீதான சொல்லுற ஆளு. நீ சொன்னாத்தான் அமுக்குவேன்."

"ரைட்டுக்கா."

இப்படி வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள். தேதி மாற்ற ஒரு நிமிடம், பேச்சு பத்து நிமிடம். சுருளிப் பக்கம் மழை. பஸ் ஸ்டாண்டில் பன்னீர்த் திராட்சை வந்துவிட்டது. கீழே உரக்கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம், பத்திரிகையை மாடி ஏறி வந்து கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். "நீ என்ன சாப்பிட்ட?" என்று தவறாமல் கேட்பார். நான் பதில் சொல்வேன். நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்டதில்லை. இதை எழுதும்போதுதான் அதைக் கவனிக்கிறேன்.

கோளாறுகளுக்கு என்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, கோளாறு, காரணம், தீர்வு என்று நான்கு பத்தி. 'கம்பம், கடிகாரம்' என்று எட்டு முறை எழுதியபின் தேனி கடிகாரக் கடையில் பேட்டரி வாங்கிக்கொண்டு நேரில் போனேன். மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பிப் பார்த்தால் மேசையில் இரண்டு வாழை இலைத் துண்டு போட்டிருந்தார். கருவாட்டுக் குழம்பு.

"பஸ்ஸு இருக்குக்கா. முதலாளி சீக்கிரம் வரச் சொன்னாக."

"அடுத்த பஸ்ஸு இருபது நிமிசத்துல இருக்கு."

"இல்லக்கா."

பிறகு ஓர் இலையை மடித்து எடுத்து வைத்துவிட்டு, டிபன் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். அதை நான் வீரபாண்டி தாண்டும்வரை மடியில் சூடாக வைத்திருந்தேன். மறுநாள் கண்டக்டரிடம் டப்பாவைத் திருப்பி அனுப்பினேன், நன்றாகக் கழுவி, துடைத்து. எங்கள் வீட்டில்கூட யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். நான் வெறும் டப்பாவை அனுப்பினேன். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

புதுப் பேட்டரி போட்ட ஒன்பதாம் நாள் போன் அடித்தது. "தாயி, கனெக்சன் போயிருச்சு."

தேதி என்ன காட்டுகிறது என்று கேட்டேன். படித்தார். எழுதிக்கொண்டே வந்த கை நின்றது. பேட்டரி செத்தால் கடிகாரம் ஜனவரி ஒன்றுக்குத்தான் போகும், வேறு எங்கும் போகாது. இதில் நாள் சரியாக இருந்தது. மாதம் சரியாக இருந்தது. மணியும் சரி. வருடம் மட்டும் ஒன்று குறைவு.

தானாக ஓடும் எந்தக் கடிகாரமும் அப்படிப் பின்னால் போகாது. யாரோ ஒருவர் கவனமாக, மற்ற எதையும் தொடாமல், வருடத்தை மட்டும் ஒன்று இறக்கியிருக்க வேண்டும். அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார்.

"ரெண்டாயிரத்து எட்டுக்கா" என்றேன். "ரெண்டாயிரத்து எட்டு" என்றார். "ரைட்டு" என்றேன். அன்று பதினான்கு நிமிடம் பேசினார். நோட்டில் காரணம் என்ற பத்தியைக் காலியாக விட்டேன்.

இன்னும் மூன்று முறை அப்படி நடந்தது. மூன்றாம் முறை, விருதுநகர் வியாபாரி லைனில் காத்திருக்க, திரையில் கம்பத்துக் காய் வராமல் இருக்க, முதலாளி என் மேசைக்கே வந்துவிட்டார்.

"கம்பத்துல மட்டும் ஏன் பாப்பா அடிக்கடி போகுது? மிசினா, ஆளா?"

"மிசின்தான் சார்."

"ஆளுன்னா சொல்லிரு. போடியில ஒரு ஆளு கேட்டுக்கிட்டே இருக்கான். அடுத்த மாசம் மாத்திடலாம்."

அக்காவின் வேலை போகக் கூடாது என்றுதான் அதைச் செய்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பொய்யும் இல்லை. மறுநாள் இணைப்பு வந்ததும் தேனியிலிருந்தபடியே கம்பத்துக் கணினிக்குள் நுழைந்தேன். அவர் பெயரில் இருந்த அனுமதிகளைக் குறைத்து, தேதியை அவர் மாற்ற முடியாதபடி பூட்டி, கடிகாரம் தானே சரியாகிக்கொள்ளும்படி அமைத்தேன். அவர் திரையில் அம்பு தானாக நகர்வதை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நடுவில் அவரும் மவுஸைப் பிடித்தார். அம்பு ஒரு கணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டது. தேதிப் பெட்டிதான் அப்போது திறந்திருந்தது. பிறகு இழுப்பு நின்றது. அவர் கையை எடுத்துக்கொண்டார். நான் மீதி இருந்த இரண்டு இடங்களையும் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன்.

ஏன் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்பதற்குப் போன் செய்ய வேண்டும். போன் செய்வதற்கு இணைப்பு போக வேண்டும்.

அதன்பின் கம்பம் ஒருநாளும் தவறவில்லை. முதலாளி போடிக்காரரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். எங்கள் அலுவலகத்தில் "கம்பம் பேசுது" என்ற வார்த்தையும் நின்றுபோனது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பத்து பத்துக்கு மட்டும் என் கை போன் பக்கம் கொஞ்சம் நகரும், பிறகு பழகிவிட்டது.

மாதக் கடைசியில் சர்வரின் பதிவை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். யார் வந்தார், எப்போது போனார், எந்தப் பக்கத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தினமும் பத்து பத்துக்குக் கம்பம் துண்டிக்கப்படுகிறது, உடனே வந்துவிடுகிறது. மறுபடி துண்டிக்கப்படுகிறது, மறுபடி வருகிறது. இரண்டே இரண்டு தடவை. அதன்பின் மாலைவரை ஒன்றுமில்லை. வேலை எதுவும் கெடவில்லை, ஆகையால் யாருக்கும் தெரியவில்லை. எந்தப் பக்கம் என்ற பத்தியில் 'கிளை' என்று இருந்தது.

கிளை என்றால் கிளையின் வயர் என்று எடுத்துக்கொண்டேன். கிளையின் ஆள் என்று எடுத்துக்கொள்ளவில்லை. வருடம் ஒன்று குறைந்ததைக் கண்டுபிடித்தவளுக்கு இது மட்டும் ஏன் பிடிபடவில்லை என்று பிறகு யோசித்திருக்கிறேன். பிடிபட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். வயர் என்றால் டெலிபோன் ஆபீசில் புகார் கொடுத்தால் போதும். கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கம்பத்துக் கிளையின் போனிலிருந்து லைன்மேன் ஒருவர் பேசினார். "மேடம், கம்பம் ஆபீசு மாடியில இருந்து பேசுறேன். லைன் சுத்தமாத்தான் இருக்கு. இருந்தாலும் புகார் வந்திருச்சேன்னு வயரை மாத்திவிட்டுட்டேன். இந்தம்மா கேக்குறாக, எத்தனை மணிக்குப் போகுதுன்னு எழுதிக் குடுத்தீகன்னு."

"பத்து பத்துக்கு. தினமும் ரெண்டு தடவை."

லைன்மேன் ரிசீவரை விலக்கிக்கொண்டு சொல்வது கேட்டது: "பத்து பத்துக்காம்மா. ரெண்டு தடவையாம்."

சற்றுத் தள்ளி அந்தக் குரல் கேட்டது. மாதக்கணக்கில் நான் கேட்காத குரல்.

"பத்து பத்துக்கு. ரெண்டு தடவை."

சொன்னவள் நான். அவர் திருப்பிச் சொல்லிவிட்டார். இனி நான்தான் ரைட்டு சொல்ல வேண்டும். அக்காவிடம் போனைக் கொடுங்கள் என்று லைன்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதலாளி அறைக் கதவு திறந்திருந்தது.

"சரிங்க, நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து பதிவில் அந்தத் துண்டிப்புகள் இல்லை. காலை ஒன்பது ஐந்துக்கு வருவார், மாலை ஐந்தரைக்குப் போவார், நடுவில் ஒரு கோடுபோல நேராக இருக்கும். நோட்டில் 'வயர் மாற்றியபின் கோளாறு இல்லை' என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் புரிந்தது. வயர் மாற்றியதற்கு முன்னும் கோளாறு இல்லை.

செய்ய வேண்டியவை என்று நான் தினமும் எழுதும் பட்டியலில் அன்று 'கம்பத்துக்குப் பேச' என்று சேர்த்தேன். எல்லா வேலைகளையும் மாலைக்குள் முடித்துக் கோடு போட்டுவிடுவது என் பழக்கம். அந்த ஒன்றை மட்டும் அடுத்த நாள் பட்டியலுக்கு மாற்றினேன். பிறகு அதற்கடுத்த நாளுக்கு. பேசி என்ன சொல்வது என்று தெரியவில்லை. தொழில் விஷயம் எதுவும் இல்லாமல் ஒருவருக்குப் போன் செய்வது எப்படி என்று நான் எங்கும் படித்ததில்லை. ஏழு மாதம் அது பட்டியலிலிருந்து பட்டியலுக்கு மாறிக்கொண்டே வந்தது.

எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. கடைசி நாள், எனக்குப்பின் வருபவருக்காக இருபத்திரண்டு எண்கள் போட்டு ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கடவுச்சொற்கள், மோடம் அமைப்பு, கம்பத்துக் கணினியின் கடிகாரம். திரையில் 'கம்பம்' இருந்தது. மணி பத்து பத்து.

சர்வரிலிருந்து ஒருவரை வெளியேற்ற ஒரு கட்டளை உண்டு. அதுவரை நான் அதைப் பயன்படுத்தியதில்லை. 'கம்பம்' என்று அடித்து வெளியேற்றினேன். பெயர் மறைந்தது. ஒரு நிமிடத்தில் தானாகவே திரும்ப வந்தது, அது அப்படித்தான் வரும். இன்னொரு முறை வெளியேற்றினேன். திரும்ப வந்தது.

பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து பதிமூன்று ஆயிற்று. பத்து பதினாறு ஆயிற்று. அங்கே சுமை ஆட்கள் போயிருப்பார்கள். சன்னலுக்கு எதிரே அந்தச் சுவர் இருக்கும்.

பத்து பதினேழுக்குப் பெயர் மறைந்தது. நான் எதையும் தொடவில்லை. பதிவின் கடைசி வரியைப் பார்த்தேன். எந்தப் பக்கம்: கிளை. பெயர் வந்தது. மறுபடி மறைந்தது. மறுபடி வந்தது. அதன்பின் அசையாமல் நின்றது.

அவர் திருப்பிச் சொல்லிவிட்டார். இந்த முறையும் சொன்னவள் நான்.

"ரைட்டுக்கா" என்றேன், என் மேசையில், திரையைப் பார்த்து. பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். போன் என் வலது கைக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது.